கழுதையேற்றமும் எங்கள் கிழட்டு எஞ்சினும்

வத்தலக்குண்டு வெயிலில் அன்று ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நின்றது நாங்கள் இரண்டு பேர்தான். மலைமேல் எங்கள் மன்னவனூரில் வெள்ளனே கிளம்பும்போது பல் கிட்டியது. இறங்க இறங்கக் கழற்றியிருக்கலாம். ஆனால் என் வீட்டுக்காரர் பாண்டிக்குத் தன் உடம்பில் என்ன இருக்கிறது என்கிற நினைவே இல்லை. அவர் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்து நானும் மறந்துபோனேன்.

மேலே, கனம் தூக்கும் செயின் பிளாக்கில், எங்கள் பிக்கப் வண்டியின் எஞ்சின் தொங்கிக்கொண்டிருந்தது.

எண்ணெய் சொட்டச் சொட்டத் தொங்கியது. மெக்கானிக் இப்ராகிம் பாய் அதை ஒரு விரலால் தள்ளினார். மெதுவாக அரைச் சுற்றுச் சுற்றியது. "பாய், பாத்து, பாத்து" என்று பதறி, பாண்டி இரண்டு கைகளையும் அதன் அடியில் நீட்டினார். விழுந்தால் ஏந்திக்கொள்வாராம்!

எங்கள் மூத்த பெண் பிறந்தபோது நர்ஸம்மா வெளியே கொண்டுவந்து காட்டினார். அன்றைக்குக்கூட இந்த மனிதர் இப்படிக் கையை நீட்டவில்லை.

போன வாரம் எங்கள் நாய் தனியாகப் பஸ் ஏறிக் கொடைக்கானல் போய் வந்த கதையை எழுதியிருந்தேன் அல்லவா? அதிலிருந்து அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார். "நாயப் பத்தி ரெண்டு பக்கம் எழுதுற. நமக்குச் சோறு போடுற வண்டியப் பத்தி ஒரு வரி எழுதுனியா?" என்று கேட்டார். நியாயம்தான். ஆகவே இந்த வாரம் வண்டி. இதில் அவரைப் பற்றியும் வரும். அதற்கு நான் பொறுப்பில்லை.

கழுதை நின்று யோசிக்கும் இடம்

எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கேரட்டைப் பிடுங்கியதும் ஓடைக்குக் கொண்டுபோய்க் கழுவுவோம். கழுவிய கேரட்டை மூட்டை பிடித்து, வண்டியில் ஏற்றி, மேலே மெயின் ரோட்டுக்குக் கொண்டுவர வேண்டும். ஓடைக்கும் ரோட்டுக்கும் நடுவில் இருப்பதுதான் கழுதையேற்றம்.

சிமெண்டு போட்ட பாதைதான். ஆனால் வீட்டுச் சுவரில் சிமெண்டு பூசியது போல நிற்கும். கழுதையிலும் மட்டக்குதிரையிலும் மூட்டை போன காலத்தில், கழுதை அந்த இடத்துக்கு வந்ததும் நின்று யோசிக்குமாம். யோசித்து முடித்ததும் திரும்பி வீட்டைப் பார்க்கப் போய்விடுமாம். எங்கள் வண்டியும் அங்கே நின்று யோசிக்கும். ஆனால் அதற்குத் திரும்பத் தெரியாது. பின்னால் உருளத்தான் தெரியும்.

அதற்குத்தான் நான்.

ஏற்றத்தின் அடியில் வண்டியை நிறுத்தி, "தனம், எறங்கு" என்பார். நான் கட்டையோடு இறங்குவேன். வண்டி முக்கி முனகி ஏறும். டிரைவர் பக்கத்துப் பின்சக்கரத்தை ஒட்டியே நானும் குனிந்தபடி ஏறுவேன். பாதி வழியில் வண்டி மூச்சுவிட்டு நிற்கும். அது பின்னால் நகர்வதற்குள் சக்கரத்துக்கு அடியில் கட்டையைத் தள்ள வேண்டும். அவர் மறுபடி எஞ்சினை உறும வைத்து ஒரு முழம், இரண்டு முழம் ஏற்றுவார். நான் மறுபடி கட்டையைத் தள்ளுவேன். இப்படியே ரோடு வரைக்கும்.

"ஒரு ஆளைச் சம்பளத்துக்கு வச்சுக்கங்களேன்" என்று பல தடவை சொல்லியிருக்கிறேன்.

"வேற எவன் கட்ட போட்டாலும் எனக்குக் கிளட்ச்சுல கால் நிக்காது" என்பார். இதைப் பெருமையாக எடுத்துக்கொள்வதா, திட்டாக எடுத்துக்கொள்வதா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

நான் பேத்துப்பாறையில் பிறந்தவள், கழுதையேற்றத்தைக் கேள்விப்பட்டதுகூட இல்லை. கல்யாணமான புதிதில், "வண்டியில ஒரு சுத்துப் போயிட்டு வரலாமா?" என்று கேட்டார். அந்த வண்டியை அப்போதுதான் பெரும்பாறையில் ஓர் எஸ்டேட்காரரிடம் செகண்ட் ஹேண்டாக வாங்கியிருந்தார். உள்ளே ஏறினால் ஆரஞ்சுப் பழ வாசனை அடிக்கும். நான் பட்டுச்சேலை கட்டி, தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு ஏறினேன். கழுதையேற்றத்தின் அடியில் நிறுத்தினார். சீட்டுக்கு அடியில் கையை விட்டார். ஏதோ வாங்கி ஒளித்து வைத்திருக்கிறார் என்று நினைத்தேன். ஒரு யூக்கலிப்டஸ் கட்டையை எடுத்து என் கையில் கொடுத்தார்.

பின்னால் கேரட் மூட்டை இருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

செருப்பு

போன ஐப்பசி மழையில் ஒருநாள் கட்டை வழுக்கிவிட்டது. பாசி பிடித்த இடம். நான் தள்ளினேன், வண்டி கட்டையையும் சேர்த்துத் தள்ளிக்கொண்டு பின்னால் வந்தது. எப்படி உருண்டேன் என்று தெரியாது. ஓரத்துக் கால்வாயில் கிடந்தேன். என் செருப்பில் ஒன்று சக்கரத்துக்கு அடியில் அப்பளமாகக் கிடந்தது.

வண்டி ஒரு பாறையில் முட்டி நின்றது. இவர் இறங்கி ஓடிவந்தார். என்னைப் பார்த்தார். செருப்பைப் பார்த்தார். பக்கத்தில் அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டார்.

எனக்கு அடி ஒன்றும் பெரிதில்லை. ஆனால் பயம் உள்ளே புகுந்துவிட்டது. ஏற்கெனவே முட்டி வலி. குனியக் கூடாது, குத்த வைத்து உட்காரக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அன்று ராத்திரிச் சோற்றைப் போட்டுவிட்டுச் சொல்லிவிட்டேன்.

"இனி அந்த ஏத்தத்துல நான் எறங்க மாட்டேங்க. உக்காந்தபடி ஏறணும். ஏறுற மாதிரி வண்டியச் சரி பண்ணுங்க. முடியலையா, வித்துப்போடுங்க."

வண்டியை விற்பது என்றதும் அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. சோற்றைப் பிசைந்தவர் பிசைந்துகொண்டே இருந்தார். மறுநாள் இப்ராகிம் பாய்க்குப் போன் போட்டார்.

ஒரு ஆள் பலம்

அப்படித்தான் எஞ்சின் செயினில் தொங்கிய அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தோம்.

பாய் கட்டையான மனிதர். சத்தமாகப் பேசுவார். தன் வேலையைத் தானே மெச்சிக்கொள்வதில் அவருக்குக் கூச்சமே கிடையாது. எஞ்சினைக் கழற்றிப் போட்டு, ஒரு பிஸ்டன் வளையத்தை எடுத்துக் காட்டினார். பிளேடு போலத் தேய்ந்திருந்தது.

"இதான் பாண்டி. வெடிக்கிற பலம் பூராம் சக்கரத்துக்குப் போகாம சந்து வழியா கீழ எறங்கிப் போகுது. இவ்வளவு நாள் ஓடுனதே பெருசு. சரி, உனக்கு என்ன வேணும்?"

"புது வண்டி மாதிரி ஏறணும் பாய்."

"அது புது வண்டி வாங்குனாத்தான். கெழவனுக்கு ஊசி போடலாம், கொமரனாக்க முடியாது."

நான் குறுக்கே புகுந்தேன். "பாய், புது வண்டி மாதிரியெல்லாம் வேணாம். ஏத்தத்துல நான் எறங்காம ஏறணும். அவ்வளவுதான்." கட்டை போடும் கதையைச் சொன்னேன்.

பாய் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப ஒரு ஆள் பலம் கூட வேணும். அவ்வளவுதான தங்கச்சி? குடுத்துரலாம்."

சிலிண்டரைக் கடைந்து, கொஞ்சம் பெரிய பிஸ்டன் போட்டார். புது வளையம் போட்டார். சிலிண்டர் மூடியான ஹெட்டை லேசாக இழைக்கக் கொடுத்தார். பம்பில் டீசலைக் கொஞ்சம் கூட்டி வைத்தார். நாங்கள் பஸ் பிடித்து இறங்கி இறங்கிப் பார்த்துவிட்டு வருவோம். டீசலும் கிரீஸும் பக்கத்துக் கடை வடையும் சேர்ந்து அங்கே ஒரு வாசனை அடிக்கும். எனக்குப் பிடித்துப்போயிற்று.

வால்வை அதன் இடத்தில் சந்தில்லாமல் உட்கார வைப்பதற்கு, மணல் போல நெருநெருக்கும் பசை தடவி, ஒரு குச்சியை உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து உருட்டித் தேய்க்கிறார்கள். பார்த்தால் மோர் கடைகிற மாதிரியே இருந்தது. "ஒண்ண நான் தேய்க்கட்டுமா?" என்று கேட்டேன். பாய் சிரித்துக்கொண்டே கொடுத்தார். சரக் சரக்கென்று தேய்த்தேன். துடைத்துப் பார்த்தபோது வட்டமாகச் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு, எங்கும் அறுபடாமல் வந்திருந்தது.

"என் கடையில இருக்கிற பயலுகளவிட நல்லாத் தேய்க்கிறீங்க" என்றார் பாய். பாண்டிக்குப் பொறாமை. அவரும் ஒன்று கேட்டு வாங்கித் தேய்த்தார். அதைப் பாய் மறுபடி தேய்க்க வேண்டியிருந்தது.

எஞ்சின் ஓடிய அன்று பெரியகுளம் ரோட்டில் ஓட்டிப் பார்த்தோம். சமதரையில் வண்டி பறந்தது. "எப்புடி?" என்றார் பாய், மீசையைத் தடவிக்கொண்டு. "கொஞ்ச நாளைக்கு லோடு ஏத்தாத. வெரட்டாத. பச்ச ஒடம்பு மாதிரி பாத்துக்க."

"மேல வந்து ஒரு தடவ ஏத்தத்துலயும் பாத்துருங்களேன் பாய்" என்றேன்.

அவர் முகம் மாறியது. "எங்க வேணா கூப்பிடுங்க தங்கச்சி. மலைக்கு மட்டும் கூப்பிடாதீங்க." மலையடியில் பிறந்து வளர்ந்த மனிதர் கொடைக்கானல் ஏரியைப் பார்த்ததே இல்லை. வளைவு தொடங்கியதும் அவருக்குக் குடல் வெளியே வந்துவிடுமாம்.

பச்ச உடம்புக்காரி

பச்ச உடம்பு என்று பாய் பேச்சுக்குச் சொன்னார். பாண்டி அதைப் பிடித்துக்கொண்டார்.

மார்கழி பிறந்துவிட்டது. காலையில் புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடக்கும். அந்த மாதங்களில் எங்கள் ஊர் வண்டிகள் எல்லாவற்றுக்கும் முகத்தில் ஒரு சாக்கு கட்டியிருக்கும். முன்பக்கக் கம்பி வழியாகக் குளிர்காற்று நேராக உள்ளே போகாமல் இருந்தால், எஞ்சின் வெரசாகச் சூடாகும். எங்கள் வண்டிக்கும் வருடா வருடம் ஒரு கிழிந்த சாக்கு உண்டு.

இந்த வருடம் கிழிந்த சாக்கு போதவில்லை. புது எஞ்சின் அல்லவா? கனமான சாக்கை இரண்டாக மடித்தார். நடுவில் ஒரு பழைய கம்பளியை வைத்து, கோணி ஊசியால் சுற்றித் தைத்தார். ஒரு மூலைகூடத் தெரியாமல் கயிற்றால் இழுத்துக் கட்டினார். கீழ்நாட்டுக்கு இறங்கும்போது கழற்றுவார். குளிர் தொடங்கும் இடம் வந்ததும் நிறுத்தி மறுபடி கட்டுவார். தினமும் காலையில் வண்டிக்கு முன்னால் நின்று, கயிறு தளர்ந்திருக்கிறதா என்று தொட்டுத் தொட்டுப் பார்ப்பார்.

கேரட் பிடுங்கும் பெண்களுக்கெல்லாம் தலைவி கருப்பாயி அக்கா. அவர் வாய்க்கு ஊரே பயப்படும். வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏலே பாண்டி, காதுல பஞ்சு வச்சியா? பிள்ள பெத்தவளுக்குக் குடுக்குற மாதிரி காயம் அரைச்சுக் குடுத்தியா?"

பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். பாண்டி கண்டுகொள்ளவில்லை.

லோடு ஏற்றலாம் என்று பாய் சொன்ன நாள் வந்தது. மூட்டைகளை ஏற்றினோம். கழுதையேற்றத்தின் அடியில் நான் சீட்டில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தேன். பாண்டி கியர் போட்டார். வண்டி கிளம்பியது. கொஞ்ச தூரத்திலேயே இருமியது. பின்னால் பார்த்தால் கரும்புகை. வழக்கமாக நிற்கும் இடத்துக்கு இரண்டு முழம் முன்னாலேயே நின்றுவிட்டது.

அவர் என்னைப் பார்த்தார். "எறங்கு" என்று சொல்லவில்லை. நானே கட்டையை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

குனிந்து சக்கரத்தைப் பார்த்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. புகையில் நின்று அழுததால் யாரும் கவனிக்கவில்லை. வண்டியைத் தள்ள வந்த கருப்பாயி அக்கா முகமெல்லாம் கரியாக நின்றார். அவரைப் பார்த்ததும் அழுகைக்கு நடுவில் சிரிப்பும் வந்தது. ஆனால் முடிவு செய்துவிட்டேன். "வித்துருங்க" என்றேன் ரோட்டுக்கு வந்ததும்.

எங்கள் வீட்டில் சிக்னல் கிடைக்காது. பஸ் ஸ்டாப் பக்கம் போய், எஞ்சின் சத்தத்தைப் பதிவு செய்து பாய்க்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார் பாண்டி. உடனே பதில் வந்தது: "எஞ்சின் மணி மாதிரி இருக்கு. ஓட்டுறதுலதான் கோளாறு." போன் போட்டு இவர் ஒன்று சொல்ல, அவர் ஒன்று சொல்ல, சண்டையாகிவிட்டது. நான் போனைப் பிடுங்கினேன்.

"பாய், நான் தனம் பேசுறேன். அந்த ஏத்தத்துல மறுபடியும் எறங்கிக் கட்ட போட்டுட்டு வாரேன். எனக்குப் பயமாக் கெடக்கு பாய்."

மலைக்கே வராத பாய், "ஞாயித்துக்கெழம வாரேன் தங்கச்சி" என்றார்.

பாய் மலையேறினார்

பாண்டியே இறங்கிப் போய்க் கூட்டிவந்தார். பாய் ஒரு கையில் எலுமிச்சம்பழமும் இன்னொரு கையில் இஞ்சி மரப்பாவும் வைத்துக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டியபடியே வந்தாராம். வளைவுக்கு வளைவு வண்டி நின்றதாம். நடுவில் பாண்டி சாக்கைக் கட்டியதுகூட அவருக்குத் தெரியவில்லையாம்.

எங்கள் வாசலில் வந்து இறங்கியபோது அவரைப் பார்க்கவே பாவமாக இருந்தது. குரங்குக் குல்லா, அதன் மேல் மப்ளர், அதன் மேல் துண்டு. அத்தனை சத்தமான மனிதருக்குக் குரலே இல்லை. "தங்கச்சி... பூமி நிக்குதா?" என்று கேட்டார்.

சுக்குப்போட்டு, பால் விடாத கட்டன்காப்பி கொடுத்தேன். குடித்துவிட்டு, நிற்க முடியாமல் வண்டியின் முன்பக்கத்தில் போய் நெற்றியைச் சாய்த்துக்கொண்டார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. கம்பளிச் சாக்கு அவர் கன்னத்துக்கு மெத்தென்று இருந்திருக்கும். அப்படியே கண்ணை மூடி, "பாண்டி, கொஞ்சம் அமுக்கு" என்றார்.

பாண்டி ஆக்சிலேட்டரை மிதித்தார். பாய் திடுக்கிட்டுத் தலையைத் தூக்கினார். அவர் முகத்துக்குப் பக்கத்தில் சாக்கு உள்ளே போய் ஒரு குழி விழுந்திருந்தது. காலை எடுத்ததும் குழி மறைந்தது. மிதித்ததும் மறுபடி விழுந்தது.

பாய்க்குக் குரல் திரும்பிவிட்டது. கயிற்றை அவிழ்க்கக்கூடப் பொறுமையில்லாமல் சாக்கைப் பிய்த்து எறிந்தார். கம்பிக்குப் பின்னால் ஓரமாக இருந்த ஒரு கறுப்புக் குழாயின் வாயைக் காட்டினார்.

"இது என்னய்யா?"

"காத்துப் போற குழா" என்றார் பாண்டி.

"மூக்கு! எஞ்சினுக்கு மூக்கு! நான் பாடுபட்டுப் பிரசவம் பாத்து அனுப்புனா, நீ கம்பளியப் போட்டு மூக்கப் பொத்தி வச்சிருக்க. அப்பறம் ஏறலைன்னா எப்புடிய்யா ஏறும்?"

பாண்டி கீழே கிடந்த சாக்கையும் குழாயையும் மாறி மாறிப் பார்த்தார். இத்தனை வருடம் கிழிந்த சாக்கின் ஓட்டை வழியாக மூச்சு விட்டுக்கொண்டிருந்த எஞ்சினை, பாசத்தால் கட்டிப் போட்டிருக்கிறார். "குளிருமேன்னு..." என்றார். எனக்கு அவர் மேல் கோபமே வரவில்லை. கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. பாய் நின்றதால் பேசாமல் இருந்துவிட்டேன்.

இன்னொன்றும் நடந்தது. பாண்டி அந்தப் பக்கம் போனதும் பாய் பானெட்டைத் திறந்தார். பம்பில் ஒரு திருகைக் கொஞ்சம் பின்னால் திருப்பினார். நான் பார்த்துவிட்டேன். "என்ன பாய்?"

பாய் குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணுமில்ல தங்கச்சி. இங்க காத்தே கம்மியா இருக்கு. கீழ வச்சுக் குடுத்த டீசல் இங்க செரிக்கல. புகைக்குப் பாதி அதுவும் காரணம். அவன்ட்ட சொல்லாதீங்க."

நான் சொல்லவில்லை. இதைப் படித்துத்தான் பாண்டி தெரிந்துகொள்வார்.

உட்கார்ந்தபடி

மறுநாள் காலை முழு லோடு ஏற்றினோம். பாய் வண்டியில் ஏற மாட்டேன் என்று சொல்லி, நடந்தே ரோட்டுக்கு ஏறி மேலே போய் நின்றுகொண்டார். கருப்பாயி அக்காவும் பெண்களும் எதற்கும் இருக்கட்டும் என்று பாதை ஓரத்தில் முந்தானையை இழுத்துச் செருகி நின்றார்கள்.

"தனம்..." என்றார் பாண்டி.

"எறங்க மாட்டேன்" என்றேன்.

கியர் போட்டார். வண்டி கிளம்பியது. நான் சாமியை எல்லாம் கூப்பிட்டேன். இருமல் வரவில்லை. வழக்கமாக நிற்கும் இடம் வந்தது. நிற்காமல் அதைத் தாண்டினோம். கீழே பெண்கள் குலவையிட்டது கேட்டது.

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தேன். ஏற்றத்தின் இடது ஓரத்தில் ஒரு மரத்தக்காளி மரம் சிவக்கச் சிவக்கக் காய்த்துத் தொங்கியது. இவ்வளவு பெரிய மரம்! எத்தனை வருடமாக அங்கே நிற்கிறதோ. நான் அந்தப் பாதையில் சக்கரத்தைத் தவிர எதையும் பார்த்ததில்லை. "இங்க பாருங்களேன்" என்று சொல்லத் திரும்பினேன்.

அவர் பாதையையே பார்க்கவில்லை. அவர் பக்கத்துக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். வழக்கமாக நான் குனிந்தபடி வரும் பின்சக்கரம் தெரியும் கண்ணாடி. அவர் முகம் வெளுத்துக்கொண்டே வந்தது. சட்டென்று ஆக்சிலேட்டரில் இருந்து காலை எடுத்துவிட்டார். ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "தனம்! ஏ தனம்!" என்று கத்தினார்.

வண்டி தளர்ந்து நிற்கப் போனது. "இந்தா பக்கத்துலதான உக்காந்திருக்கேன்! மிதிங்க, மிதிங்க!" என்று அவர் தொடையில் அடித்தேன்.

திரும்பிப் பார்த்தார். மிதித்தார். நிற்கப் போன இடத்தில் இருந்து, முழு லோடோடு, ஒரு உறுமல் உறுமி வண்டி பிடித்துக்கொண்டு ஏறியது.

அதற்குப் பிறகு அவர் கண்ணாடியைப் பார்க்கவில்லை. ரோடு வரைக்கும் என்னையே பார்த்துக்கொண்டு வந்தார். "பாதையப் பாருங்க, பாதையப் பாருங்க" என்று நான்தான் கத்திக்கொண்டே வந்தேன்.